சட்டம் அறிவோம்: வாரண்ட் வந்தால் என்ன செய்வது?

"உங்க பேர்ல வாரண்ட் இருக்கு" என்று பொலிஸ் லயத்துக்கு வந்து சொன்னால் நம்மில் பலருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சிலர் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் கோட்டிலிருந்து வருகிற கடிதமெல்லாம் வாரண்ட் அல்ல. வாரண்டிலும் பல வகை உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1. அழைப்பாணை (சம்மன்)

இது கைது அல்ல. இன்ன திகதியில் இன்ன நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்ற அழைப்பு. எதிரிக்கும் வரும், சாட்சிக்கும் வரும். ஆள் அகப்படாவிட்டால் வீட்டில் உள்ள வயது வந்த ஒருவரிடம் கொடுக்கலாம். ஆகவே வீட்டில் யார் வாங்கினாலும் அன்றைக்கே உரியவருக்குச் சொல்லிவிட வேண்டும். தபால் தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேரும் இடங்களில், வழக்கு உள்ளவர்கள் அங்கே அடிக்கடி விசாரித்துக்கொள்வது நல்லது. கடிதம் சிங்களத்தில் இருந்தால் தெரிந்தவரிடம் உடனே வாசிக்கக் கொடுங்கள்.

2. பிடியாணை (வாரண்ட்)

தவணைக்குப் போகாவிட்டால் நீதிமன்றம் பிடியாணை பிறப்பிக்கலாம். பக்கத்து லயத்துச் சண்டைக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டவர், "நான் ஒண்ணும் செய்யலியே" என்று கொழுந்து பறிக்கப் போய்விட்டால், அவர் பெயரிலும் வாரண்ட் வரலாம்.

வாரண்ட் எழுத்தில் இருக்க வேண்டும். பிடிக்க வருபவர் அதன் விபரத்தைச் சொல்ல வேண்டும். நாம் கேட்டால் காட்டவும் வேண்டும். மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் தடுக்கவோ ஓடவோ வேண்டாம். சில குற்றங்களுக்கு வாரண்ட் இல்லாமலும் கைது செய்யப் பொலிசுக்கு அதிகாரம் உண்டு.

3. பிணை குறித்த பிடியாணை

தகுந்த பிணையாளிகளோடு முறி எழுதிக் கொடுத்தால் விடலாம் என்று சில வாரண்டுகளில் நீதிமன்றமே எழுதியிருக்கும். அப்படி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

4. திறந்த பிடியாணை

ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபோது இது பிறப்பிக்கப்படும். வருடங்கள் போனால் தானாகச் செத்துப்போகும் என்று நினைப்பது தவறு. நிறைவேற்றும் வரை, அல்லது பிறப்பித்த நீதிமன்றமே ரத்துச் செய்யும் வரை வாரண்ட் உயிரோடு இருக்கும். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கப் போகும்போது அது தலைதூக்கலாம். பிணை நின்ற அண்ணனோ மாமாவோ நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

5. தேடுதல் ஆணை

இது ஆளைப் பிடிக்க அல்ல, ஒரு இடத்தைச் சோதனையிட. பெண்களின் உடலைப் பெண்ணொருவரே சோதிக்க வேண்டும். எடுத்துச் செல்லும் பொருட்களுக்குப் பட்டியல் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

தவணை தவறிவிட்டால் ஒளிய வேண்டாம். சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் போட்டு, நாமாகவே நீதிமன்றத்தில் முன்னிலையாகலாம். சுகமில்லாமல் போயிருந்தால் வைத்தியச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். தாமாக வருபவரை நீதவான் பார்க்கும் விதம் வேறு, பிடித்துக்கொண்டு வரப்பட்டவரைப் பார்க்கும் விதம் வேறு.

சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடலாம். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் உதவி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது.

"காசு குடு, வாரண்டை நான் வெட்டித் தாறேன்" என்று வருபவர்களை நம்ப வேண்டாம். அதை நீக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, தவணைக்குப் போய்விடுவோம்.