உங்கள் லேப்டாப் முழுக்க முழுக்க சுதந்திர சாப்ட்வேரில் இயங்குமா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய லேப்டாப்களை என்ன செய்வது என்று பலர் யோசிக்கிறார்கள். லினக்ஸ் போடலாம் என்பது நல்ல பதில்தான். ஆனால் நிறுவனங்களின் மூடிய சாப்ட்வேர் எதுவும் இல்லாமல் அந்த லேப்டாப் இயங்குமா? இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு விளக்கம். ஆங்கிலத்தில் "ஃப்ரீ" என்ற ஒரே சொல் இரண்டு பொருள் தரும். நமக்கு அந்தக் குழப்பம் இல்லை; இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. 1983-ல் ஜி.என்.யு. திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் வலியுறுத்துவது சுதந்திரத்தை, இலவசத்தை அல்ல. ஒரு சாப்ட்வேரை விரும்பியபடி இயக்க, அதன் மூல நிரலைப் படித்து மாற்ற, பிறருக்குப் பிரதி தர, மாற்றியதையும் தர உரிமை இருந்தால்தான் அது சுதந்திர சாப்ட்வேர்.

<b>சிக்கல் எங்கே?</b>

பெரும்பாலான லேப்டாப்களில் உள்ள வை-பை சிப்புக்குள் ஒரு சிறிய பிராசசர் இருக்கிறது. சிஸ்டம் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் அதற்குரிய புரோகிராமை லினக்ஸ் அதில் ஏற்ற வேண்டும். இதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். இன்டெல் வை-பை கார்டுகளுக்கான டிரைவர் சுதந்திர சாப்ட்வேர். அது ஏற்றும் ஃபர்ம்வேர் அப்படியல்ல. வண்டி நம்முடையது, சாவி கம்பெனியிடம் என்பது போன்ற நிலை.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கும் முன் உபுண்டு பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, முழுவதும் சுதந்திரமான ட்ரிஸ்குவெல் லினக்ஸை இன்ஸ்டால் செய்தேன். வை-பை காணாமல் போய்விட்டது! உபுண்டு மூடிய ஃபர்ம்வேரையும் சேர்த்தே தருகிறது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் டெபியனின் இன்ஸ்டாலரும் அப்படித்தான். எனவே அவற்றில் எல்லாம் இயங்குவதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

<b>சோதிக்கும் முறை</b>

1. ட்ரிஸ்குவெல் ஐ.எஸ்.ஓ. பைலை டவுன்லோட் செய்து, ரூஃபஸ் போன்ற புரோகிராம் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதவும். பென் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும். முன்பே பேக்கப் எடுத்துக்கொள்ளவும்.

2. லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயை அழுத்தவும். டெல், லெனோவோ லேப்டாப்களில் இது பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.-யில் எஃப்9. செக்யூர் பூட் தடுத்தால் பயாஸில் அதை நிறுத்தவும். விண்டோஸில் பிட்லாக்கர் இருந்தால், அதன் ரெகவரி கீயைக் குறித்து வைத்துக்கொண்ட பிறகே இதைச் செய்யவும்.

3. இன்ஸ்டால் செய்யாமல் இயக்கிப் பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுக்கவும். வை-பை, புளூடூத், ஒலி, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கவும். மூடியை மூடித் திறந்து, ஸ்லீப்பிலிருந்து எழுகிறதா என்றும் பார்க்கவும்.

4. டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ ஆகிய ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துக்களைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டவும். வை-பை, கிராபிக்ஸ் சிப்களின் பெயர்கள் கிடைக்கும். அவற்றை எழுதிக்கொள்ளவும்.

<b>முடிவை எப்படிப் படிப்பது?</b>

வை-பை: ஏதெரோஸ் நிறுவனத்தின் ஏ.ஆர்.9280 போன்ற, ஏத்9கே டிரைவரில் இயங்கும் கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் ஏற்றவே தேவையில்லை. இன்டெல் என்றால் ஏ.ஆர்.9271 சிப் உள்ள யு.எஸ்.பி. வை-பை அடாப்டர் வாங்கலாம். அதன் ஃபர்ம்வேரே சுதந்திர சாப்ட்வேர்தான். வேகம் 150 எம்.பி.பி.எஸ்.-க்கு மேல் போகாது. வாங்கும்போது கவனம் தேவை. டிபி-லிங்க் டபிள்யூ.என்.722என் மாடலின் முதல் பதிப்பில்தான் இந்த சிப் உண்டு. அடுத்த பதிப்புகளில் வேறு சிப்.

கிராபிக்ஸ்: பழைய லேப்டாப்களில் இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸ் பாதுகாப்பான தேர்வு. ஏ.எம்.டி. ரேடியானில் மூடிய ஃபர்ம்வேர் இல்லாவிட்டால் முப்பரிமாண வேகம் கிடைக்காது. 2014-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 900 வரிசை முதல் என்விடியா சிப்கள், கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேரைக் கேட்கின்றன.

பயாஸ்: பென் டிரைவ் சோதனை இந்த அடித்தளத்தைக் காட்டாது. 2008-ல் வந்த திங்க்பேட் எக்ஸ்200-ல் பயாஸை நீக்கி லிப்ரேபூட் போடலாம். இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் என்ற மறைவான பகுதியின் ஃபர்ம்வேரையும் முழுவதுமாக அகற்றலாம். அடுத்த தலைமுறை இன்டெல் சிப்களில் அதை முழுவதும் அகற்றினால் லேப்டாப் துவங்காது, அல்லது அரை மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். எக்ஸ்200-லும் கீபோர்டு, பேட்டரியைக் கவனிக்கும் சிறிய கன்ட்ரோலரின் புரோகிராம் மூடியதே. பயாஸை மாற்றுவது புதியவர்களுக்கான வேலை அல்ல. தவறினால் லேப்டாப் துவங்காமலே போகலாம்.

ஆகவே "முழுக்க முழுக்க" என்பதைப் படிப்படியாகப் பாருங்கள். அப்ளிகேஷன்களும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் சுதந்திரமாக இருப்பது முதல் படி. பெரும்பாலான லேப்டாப்களில் இது சாத்தியம். ஏற்றப்படும் ஃபர்ம்வேரும் வேண்டாம் என்பது இரண்டாவது படி. பெரும்பாலும் ஒரு யு.எஸ்.பி. அடாப்டர் செலவில் முடிந்துவிடும். பயாஸ் மூன்றாவது படி. மிகச் சில மாடல்களுக்கே அது எட்டும்.

உங்களுக்கு எந்தப் படி தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள். பழைய லேப்டாப் வாங்கப் போகும்போது ட்ரிஸ்குவெல் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் சோதிக்கக் கடைக்காரர் அனுமதித்தால் வாங்குங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.