பட்டறைக்காரரும் காசநோயும்



நம் மணலி புதுநகரில் லேத்துப் பட்டறை, தையல் கடை, டிபன் கடை என்று சொந்தக் கையை நம்பிப் பிழைக்கிறவர்கள் அநேகர். அவர்களில் ஒருவருக்குக் காசநோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், வியாதியை விட இரண்டு கவலைகள் அவரை அரிக்கும். கடையை மூட வேண்டுமோ? விஷயம் தெரிந்தால் வாடிக்கைக்காரர் வருவார்களோ? இந்தப் பயத்தால் வியாதியை மறைக்கிறவர் மருந்து வாங்கப் போவதையும் மறைக்கிறார். பிறகு போகாமலே இருந்துவிடுகிறார்.

முதல் கவலைக்கு நம் சென்னையிலேயே விடை கண்டிருக்கிறார்கள். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் நிலையத்தில், 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரைச் சானட்டோரியத்திலும் மற்றப் பிரிவாரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். சானட்டோரியத்தில் ஓய்வும் நல்ல ஆகாரமும் உண்டு. வீட்டிலோ இட நெருக்கடி, அரை வயிற்றுக் கஞ்சி. ஆயினும் 1959-ல் வெளியான முடிவின்படி, குணமடைந்ததில் பெரிய வித்தியாசமில்லை; வீட்டாருக்கு நோய் தொற்றியதும் அதிகமில்லை. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் இதனால் மாறிற்று.

இன்று சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஆகாரத்துக்கென மாதம் 1,000 ரூபாயும் உண்டு. ஆனால் ஆரம்ப வாரங்களில் நுரையீரல் நோயாளி கடையில் நிற்கலாகாது. திரும்பும் நாளை வைத்தியரே சொல்ல வேண்டும்.

அந்த வாரங்கள்தான் சங்கடம். இ.எஸ்.ஐ. உள்ள ஆலைத் தொழிலாளிக்கு, தகுதி இருந்தால், காசநோய்க்குக் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். முதலாளி என்ற பெயர் மட்டும் உள்ள பட்டறைக்காரருக்கு அது இல்லை. கூடாரம் செய்து பிழைத்த அர்ச். சின்னப்பருக்கும் உடல் நோவு இருந்தது. அதே தொழில் அறிந்த ஆக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கூட இருந்தார்கள். உங்களுக்கு யார்? வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். மனைவிக்கோ தம்பிக்கோ மகளுக்கோ தொழிலைப் பழக்குங்கள். வங்கிக் கணக்கில் இன்னொருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பவர் பத்திரம் மட்டும் போதாது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அது செல்லாது.

இரண்டாம் கவலைக்கு விடை வாடிக்கைக்காரரான நம் கையில். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து சில வாரங்களில் தொற்றுவது பெரும்பாலும் நின்றுவிடும். தட்டாலும் தம்ளராலும் இந்நோய் பரவாது. அவர் கடை திறந்த அன்று பழையபடி அங்கேயே போய் வாங்குங்கள். பழைய பாக்கி இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள்.