ஆன்லைன் படிப்பைப் பாதியில் விடாமல் முடிப்பது எப்படி?

எங்கள் ராசிங்காபுரத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் கல்லூரி மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எந்த கோர்ஸில் சேரலாம்?" என்பதுதான். சேருவது சுலபம்; முடிப்பதுதான் கடினம். அதற்கான வழியைப் பார்ப்போம்.

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003ல் தொடங்கிய திட்டம் என்.பி.டி.இ.எல். 2014 முதல் சான்றிதழ் படிப்புகளையும் நடத்துகிறது. மத்திய அரசு 2017ல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் இவற்றில் இலவசமாகச் சேரலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, தேர்வு மையத்தில் நேரில் எழுத வேண்டும். யு.ஜி.சி.யின் 2021 விதிமுறைப்படி, உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றால் இந்த கிரெடிட் பட்டப்படிப்பிலும் சேரும். பாதியில் விட்டால் அந்தக் கிரெடிட் போய்விடும்.

ஒரு வார அசைன்மென்ட் தவறியதும் "அவ்வளவுதான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான 12 வாரப் படிப்புகளில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25, தேர்வுக்கு 75. அதாவது 4 வாரம் தவறினாலும் 25க்கு 25 வாங்க வாய்ப்பு உண்டு. ஏலத்தோட்டத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் எடுப்பதில்லையே; சுற்றுச் சுற்றாகத்தான் எடுக்கிறோம். ஒரு சுற்று குறைந்ததற்காகத் தோட்டத்தை விடுவதில்லை.

கல்வி உளவியல் அறிஞர் பேரி சிம்மர்மேன், தானே படிப்பவர்களின் வேலையை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். அவற்றை உங்கள் கம்ப்யூட்டரில் இப்படிச் செய்யலாம்.

1. திட்டமிடுதல்: "நன்றாகப் படிப்பேன்" என்பது திட்டமல்ல. "செவ்வாய் இரவு 8 மணி, 2 வீடியோ" என்பதே திட்டம். கூகுள் காலண்டரில் பதிந்து, கடைசித் தேதிக்கு 2 நாள் முன்பே ரிமைண்டர் வையுங்கள்.

2. படிக்கும்போது கவனித்தல்: மற்ற டேப்களை மூடிவிட்டு எப்11 கீயை அழுத்துங்கள், பிரவுசர் முழுத்திரையாகும். போனை அடுத்த அறையில் வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்தி, கேட்டதைப் பார்க்காமல் 2 வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பாருங்கள்.

3. திரும்பிப் பார்த்தல்: எக்ஸெல்லில் தேதி, திட்டம், முடித்தது, காரணம் என 4 காலம் போடுங்கள். ஞாயிறுதோறும் பாருங்கள். "கரண்ட் இல்லை" என்று 3 முறை வந்திருந்தால், படிக்கும் நேரத்தை மாற்றுங்கள் அல்லது வீடியோவை முன்பே டவுன்லோட் செய்யுங்கள். "நான் சோம்பேறி" என்று காரணம் எழுதாதீர்கள். அதை வைத்து எதையும் திருத்த முடியாது.

கோர்ஸில் சேரும் முன், இன்றே அந்த எக்ஸெல் ஷீட்டைத் திறந்து முதல் வரியை டைப் செய்யுங்கள்.