நிலத்தின் தன்மையும் நத்தையினால் நேரும் சேதமும்

செங்கற்பட்டு ஜில்லாவில் நெம்மேலியை அடுத்த கடற்கரையில் இருவகை நிலங்கள் வெகு அருகே அமைந்திருக்கின்றன. கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடையே உள்ளது மணற்பாங்கு. கால்வாயைக் கடந்து மேற்கே திருப்போரூர்ப் பக்கம் செல்லின், ஏரிப்பாய்ச்சலுள்ள களிமண் நிலங்களைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரே நாளில் நட்ட கத்தரி நாற்று, ஓரிடத்தில் பிழைத்து மற்றோரிடத்தில் ஓரிரவில் அடியோடு கடிபட்டுப் போகலாம். நத்தைக்குப் பகற்பொழுதில் ஒளிய இடம் கிடைக்கிறதா என்பதே இவ்வேற்றுமைக்கு முக்கிய காரணமாகும்.

ஓடில்லாத நத்தையின் உடம்பு பெரும்பாலும் நீரே. வெயிலும் காற்றும் அதனை எளிதில் உலர்த்திவிடும். கெட்டியான மண்ணைத் துளைக்கும் வன்மை அதற்கு இல்லாமையால், வெடிப்புகளையும் கட்டிகளுக்கிடையேயுள்ள சந்துகளையும் நாடிப் பதுங்கி, இருட்டியபின் மேய வருகின்றது. களிமண்ணோ ஈரத்தை நெடுநாள் காக்கும்; உழுதால் பெருங்கட்டிகளாகப் பெயரும். ஆகவே அது நத்தைக்கு ஏற்ற வீடாகிறது. இங்கிலாந்தின் களிமண் வயல்களில் சாம்பல் நிற நத்தை இச்சந்துகளின் வழியே இறங்கி, விதைத்த கோதுமையை முளைக்குமுன்பே குடைந்து தின்றுவிடுகிறது. அந்நாட்டார் கட்டிகளை உடைத்து, விதைத்தபின் உருளையிட்டு மண்ணை இறுக்குகின்றனர். நம் நாட்டுப் பரம்பும் இவ்வேலையைச் செய்யவல்லது. ஆனால் மண் சேறாயிருக்கையில் பரம்படித்தால் மேற்பரப்பு இறுகி முளை தடைப்படும். பதம் பார்த்தே அடித்தல் வேண்டும்.

மணலில் நீர் விரைவில் வடியும். சந்துகள் நில்லாமல் சரிந்து மூடிக்கொள்ளும். எனினும் மணல் சத்துக் குறைந்தது. குடியானவர் அதனைத் தேற்றும் பொருட்டு எருவும் தழையும் கொணர்ந்து கொட்டுகின்றனர். பாதி மட்கிய தொழுவுரத்தைச் செடியின் அடியில் குவித்து, அதன்மேல் சவுக்குச் சருகையும் பரப்பி, மாலைதோறும் குடத்தால் நீர் வார்த்தால், மணல் அளித்த காவல் போய்விடும். சருகின் அடியில் நத்தைக்கு நிழல், ஈரம், இரை மூன்றும் கிட்டுகின்றன.

இதனைக் கண்டு, எருவே நத்தையை வருவிக்கிறது என்று எண்ணி அதனை அறவே நிறுத்துவோர் அதிக நஷ்டமடைவர். சத்தற்ற நிலத்தில் நாற்று இரண்டிலைப் பருவத்திலேயே பல நாள் தேங்கி நிற்கும். அப்போது ஒரு கடியே அதற்குப் போதும். ஊட்டம் பெற்ற செடியோ கடிபட்ட இலைக்கு மாற்றிலை விட்டு அபாயப் பருவத்தை விரைவில் கடந்துவிடும். எருவை நன்றாக மட்கவிட்டு, மழைக்கு முன்னரே மண்ணோடு கலந்து உழுதுவிடுவதே தகுந்த முறை. நீரைக் காலையில் பாய்ச்சினால் இரவுக்குள் மேல்மண் உலர்ந்திருக்கும்.

ஓடுள்ள ஆப்பிரிக்கப் பெருநத்தையின் விஷயம் சற்று வேறு. 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட இப்பிராணி, ஓட்டை வளர்க்கச் சுண்ணாம்புச் சத்தை நாடுவது. சிப்பித்தூள் கலந்த கடற்கரை மண்ணில் அதற்குக் குறைவேது? மேலும் இது தளர்ந்த மண்ணில் தானே புதைந்து, ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு கோடையைக் கழிக்க வல்லது. ஆதலால் மணல் நிலம் என்ற ஒன்றையே நம்பியிருத்தல் கூடாது.

நிலத்தில் நத்தை உண்டா என்று விதைப்பதற்கு முன்னரே அறியலாம். மாலையில் நனைத்த கோணிப்பையை ஆங்காங்கே விரித்து, அடியில் ஒரு பிடி தவிடு வைத்து, விடியுமுன் தூக்கிப் பார்த்தால் போதும். கிடைத்தவற்றை வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து, வாளியிலுள்ள உப்புநீரில் போடவேண்டும். சில நத்தைகள் மூளையைத் தாக்கும் புழுவைச் சுமப்பதுண்டு. நிலத்திலேயே உப்பைத் தூவுவது தகாது; உவர் ஏறக்கூடிய கடலோரத்தில் அது பயிரையே கெடுக்கும். சாம்பல் வளையம் உலர்ந்திருக்கும் வரையில்தான் பயன்படும். மெட்டால்டிஹைடு கலந்த நச்சிரை நாய்க்கும் கால்நடைக்கும் ஆபத்தானது. பிரிட்டனில் 2022 முதல் திறந்த வெளியில் அதன் உபயோகம் தடுக்கப்பட்டுள்ளது. இரும்புப் பாஸ்பேட் இரை அதனினும் அபாயம் குறைந்தது.

நத்தை தன் முட்டைகளை ஈரமண்ணில் கொத்தாக இடும். சித்திரை, வைகாசியில் கோடையுழவு செய்து மண்ணைப் புரட்டிவிட்டால், மேலே வந்த முட்டைகள் வெயிலில் உலர்ந்து அழியும். வரப்போரத்துப் புல்லையும் அப்போதே செதுக்கிவிடுதல் நலம்.