குட்டி போட்டால் மட்டும் போதுமா?

கேள்வி: பால் சுறா அறுக்கும்போது வயிற்றுக்குள் முழு வளர்ச்சியடைந்த குட்டிகள் இருந்ததை அம்மா காட்டினார். டால்பினும் குட்டிதான் போடுகிறது. உருவமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க சுறாவை மீன் என்றும், டால்பினைப் பாலூட்டி என்றும் பிரிப்பது ஏன்?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அம்மா காட்டியது சரியே. முட்டையிடும் சுறாக்களும் உண்டு. ஆனால் பால் சுறா, கொம்பன் சுறா போன்றவை குட்டி போடுகின்றன. இவற்றின் குட்டி கொடி வழியாகத் தாயிடமிருந்து ஊட்டம் பெறுகிறது. அடுத்த முறை அறுக்கும்போது குட்டியின் இரண்டு முன்துடுப்புகளுக்கு நடுவே பாருங்கள். கொடி ஒட்டியிருந்த இடம் தெரியும். ஆக, குட்டி போடுவதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிறந்த பிறகுதான் வித்தியாசம் தெரிகிறது. சுறாக்குட்டியைத் தாய் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது தன் இரையைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். டால்பின் குட்டியோ முதல் மூச்சுக்காகக் கடலின் மேற்பரப்புக்கு வருகிறது, பிறகு மாதக்கணக்கில் தாய்ப்பால் குடிக்கிறது. டால்பினுக்கு இருப்பது நுரையீரல், தலை உச்சியில் மூக்குத் துளை. சுறா செவுள் வழியாகத் தண்ணீரிலேயே மூச்சு விடுகிறது. டால்பினுக்கு எலும்புக்கூடு, சுறாவுக்கு நம் காது மடலில் இருப்பதுபோன்ற குருத்தெலும்பு.

வாலைப் பார்த்தால் பரம்பரையே தெரிந்துவிடும். சுறாவின் வால் செங்குத்தாக நிற்கும், இடவலமாக ஆடும். டால்பினின் வால் கிடையாக விரிந்து மேலும் கீழும் அடிக்கும். ஓடும் நாயின் முதுகெலும்பு மேலும் கீழும்தான் வளைகிறது. டால்பினின் முன்னோர்களும் அப்படித் தரையில் நடந்த நான்குகால் பிராணிகளே. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்குள் போனவை அவை. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் திமிங்கில, டால்பின் இனத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை! சுறாக்களோ 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலிலேயே இருப்பவை.

பிறகு உருவம் மட்டும் எப்படி ஒத்துப்போனது? தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேகமாக நீந்தி இரை பிடிக்க வேண்டுமானால், இரு முனையும் குறுகிய உடலும், புரளாமல் காக்க முதுகுத் துடுப்பும் வசதி. டைனோசர் காலத்தில் கடலில் வாழ்ந்த இக்தியோசர் என்ற ஊர்வனவும் இதே உருவத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. மூன்றும் மூன்று வேறு வம்சம்.

கேள்வி: டால்பின் கூட்டம் இருக்கும் இடத்துக்குச் சுறா வராது, தைரியமாக நீந்தலாம் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நம்ப வேண்டாம். இரண்டும் ஒரே மீன் கூட்டத்தைத் தேடி ஒரே இடத்துக்கு வருவது உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே விரிகுடாவில், குட்டிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், டால்பின்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குக்குச் சுறா கடித்த தழும்பு இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சுறாவை அஞ்சி ஓட வைக்கும் டால்பின் ஒன்று உண்டுதான்: ஓர்க்கா. கொலைகாரத் திமிங்கிலம் என்று பெயர் வாங்கியிருந்தாலும் அது டால்பின் குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினர். 2017இல் தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் கடற்கரையில் பெரிய வெள்ளைச் சுறாக்கள் ஈரல் இல்லாமல் செத்து ஒதுங்கின. ஓர்க்காக்களின் வேலை அது. சுறாவின் ஈரலில் அவ்வளவு எண்ணெய்!

மீனவர் வலை இரண்டையும் ஒன்றாகக் கொல்கிறது. மேலே வர முடியாமல் டால்பின் மூச்சுத் திணறிச் சாகிறது. நீந்தினால்தான் செவுளுக்குத் தண்ணீர் கிடைக்கும் சுறா வகைகள் நின்றுபோனதால் சாகின்றன. நம் நாட்டில் டால்பின் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் உள்ள விலங்கு. நம் பக்கத்தில் ஓங்கில் என்பார்களே, அதுதான். உயிரோடு கரையொதுங்கினால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பில் ஈரத்துணி போர்த்துங்கள், உச்சித் துளைக்குள் தண்ணீரும் மணலும் போகாமல் பாருங்கள், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.