சட்டத்தில் ஒரு பெற்றோர், வீட்டில் இருவர்: தன்பால் இணையருக்கான தத்தெடுப்பு வழிகாட்டி

இந்தியாவில் தன்பால் இணையர் இருவரும் சேர்ந்து ஒரு குழந்தையின் சட்டப் பெற்றோர் ஆவதற்கு இன்று வழியில்லை. இணையராகத் தத்தெடுப்போர் குறைந்தது 2 ஆண்டுகள் நிலையான மணவாழ்வில் இருந்திருக்க வேண்டும் என்கிறது, 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் 5(3)ஆம் விதி. தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கோரிய சுப்ரியோ வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வில் தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி கௌலும் இவ்விதியைப் பாகுபாடு என்று கண்டனர். மற்ற மூவரும் அதை ஏற்காததால் விதி நிலைத்தது, 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. ஆகவே இருவரில் ஒருவர் தனிநபராகச் சட்டப் பெற்றோர் ஆவதும், மற்றவருக்கும் குழந்தைக்குமான உறவைப் பத்திரங்களால் கட்டி எழுப்புவதுமே எஞ்சியுள்ள வழி. இதில் இரண்டாம் பாதி விடுபட்டுப்போனால் இழப்பு குழந்தைக்கே.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது, யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதாகும். தனித்து வாழும் பெண் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம். தனித்து வாழும் ஆணுக்குப் பெண் குழந்தை தரப்படுவதில்லை. 2 வயது வரையுள்ள குழந்தையைப் பெறத் தனிநபரின் வயது 40ஐயும், 4 வயது வரையெனில் 45ஐயும், 8 வயது வரையெனில் 50ஐயும், அதற்கு மேலெனில் 55ஐயும் தாண்டக் கூடாது. தத்தெடுப்பவருக்கும் குழந்தைக்கும் இடையே குறைந்தது 25 ஆண்டு இடைவெளியும் வேண்டும். எனவே கூடுதல் சம்பளம் வாங்குபவர் 42 வயதினராகவும் மற்றவர் 36 வயதினராகவும் இருந்து, கைக்குழந்தையே வேண்டும் என்று விரும்பினால், இளையவர் பெயரில் விண்ணப்பிப்பதே பொருந்தும்.

அடுத்தது, காரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்து, வருமானம், உடல்நலம், முகவரி ஆகியவற்றுக்கான சான்றுகளைப் பதிவேற்றுவது. அதன்பின் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து இல்ல ஆய்வறிக்கை தயாரிப்பார். குழந்தை எங்கே உறங்கும், விண்ணப்பதாரர் வேலைக்குச் சென்றபின் யார் பார்த்துக்கொள்வார், வீட்டில் வேறு யார் யார் வசிக்கிறார்கள் என்று அவர் கேட்கும்போது, இரண்டு பேருடைய செருப்புகளும் துணிகளும் அவர் கண்ணெதிரேயே இருக்கும்.

இவ்விடத்தில்தான் மிகக் கடுமையான தடை நிற்கிறது. மணமாகாமல் துணையுடன் சேர்ந்து வாழும் தனிநபரின் விண்ணப்பத்தைத் தகுதியுடையதாகக் கருத இயலாது என்று காரா 2022 ஜூன் 16 அன்று சுற்றறிக்கை விடுத்தது. இதற்கு அஞ்சித் துணையை வாடகைக்கு இருப்பவர் என்றோ உறவினர் என்றோ எழுதிக் கொடுப்பது, பொய்யான உறுதிமொழி என்னும் குற்றமாகக்கூடும் என்பதோடு, குழந்தை வீட்டுக்கு வந்தபின் தத்தெடுப்பையே கேள்விக்குள்ளாக்கவும் கூடும். பதிவுசெய்வதற்கு முன்பே குடும்பச் சட்டத்தில் பழகிய வழக்கறிஞர் ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி ஆலோசனை பெறுவது இன்றியமையாதது. உண்மையைச் சொன்னால் குழந்தை இல்லை, மறைத்தால் நிம்மதி இல்லை என்ற நிலையில் நல்ல பெற்றோராகக் கூடியவர்களை நிறுத்தும் ஒரு சுற்றறிக்கை எந்தக் குழந்தையின் நலனையும் காப்பதாகச் சொல்ல முடியாது.

இல்ல ஆய்வு ஏற்கப்பட்டு, முறை வந்து, குழந்தை ஒதுக்கப்பட்டபின், தத்தெடுப்பு ஆணையை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். 2022 செப்டம்பர் வரை இவ்வதிகாரம் நீதிமன்றத்திடம் இருந்தது. குழந்தை வளர்ப்புக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு, 6 மாதத்துக்கு ஒருமுறை தொடர் ஆய்வு நடைபெறும்.

உறவினர் அல்லது தெரிந்தவர் தம் குழந்தையைத் தர முன்வந்தால், இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பொருந்தும். இதன்படி 15 வயது நிரம்பாத குழந்தையைத் தனிநபர் தத்தெடுக்கலாம். எதிர்ப்பாலினக் குழந்தையெனில் 21 ஆண்டு இடைவெளி வேண்டும். ஆனால் ஒரே குழந்தையை ஒரே நேரத்தில் இருவர் தத்தெடுக்க முடியாது என்று இச்சட்டமும் கூறுவதால், இணையர் இருவரும் பத்திரத்தில் கையெழுத்திடுவது பயன் தராது. தத்தெடுக்காமல் தாமே கருவுற்றுத் தாயாக விரும்பும் பெண்களுக்கு, 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம் 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் தனித்துச் சிகிச்சை பெற இடமளிக்கிறது. வாடகைத் தாய் முறை தன்பால் இணையருக்குத் திறக்கப்படவில்லை.

இனி இரண்டாம் பாதி: துணைக்கும் குழந்தைக்குமான உறவைக் கட்டும் பத்திரங்கள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் சட்டப் பெற்றோரின் பெயருக்கு அடுத்து, குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவர் என்று துணையின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் வெளியூரில் இருக்கும்போது காய்ச்சலோ எலும்பு முறிவோ நேர்ந்தால் சிகிச்சைக்கு ஒப்புதல் தரத் துணையை அனுமதிக்கும் கடிதத்தை முன்கூட்டியே கையெழுத்திட்டு, குழந்தையை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு பிரதி கொடுத்துவைப்பது நல்லது. இக்கடிதங்கள் சட்ட உரிமையை உண்டாக்குவதில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவு மேசையின் முன் நிற்பவருக்குக் கையில் ஏதேனும் ஒரு தாள் தேவை.

இவற்றைவிட முக்கியமானவை உயில்கள். இருவரும் தனித்தனியே எழுத வேண்டும். சட்டப் பெற்றோர் தம் உயிலில், தாம் இறந்தால் துணையே குழந்தையின் காப்பாளராக வேண்டும் என்பதைக் காரணத்துடன் குறிப்பிட வேண்டும். காப்பாளர் என்பவர் பெற்றோர் இல்லாத நிலையில் குழந்தையின் உடலுக்கும் சொத்துக்கும் பொறுப்பேற்பவர். நீதிமன்றம் அவரை நியமிக்கும்போது குழந்தையின் நலனோடு, இறந்த பெற்றோரின் விருப்பத்தையும் கருத வேண்டும் என்று 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுவதால், அந்த ஒரு பத்தி வருங்காலத்தில் பெரும் எடை பெறும். துணையின் நிலை வேறு: சட்டத்தின் கண்ணில் அக்குழந்தை அவருடைய வாரிசு அன்று, அவர் உயில் எழுதாமல் இறந்தால், பள்ளிக் கட்டணம் கட்டி வளர்த்த குழந்தைக்கு ஒரு ரூபாயும் சேராமல் சொத்து அவர் பிறந்த குடும்பத்துக்குச் செல்லும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பயன்பெறுபவர் எவரும் சாட்சியாக இருக்கக் கூடாது. பதிவு கட்டாயமன்று எனினும் பின்னாளில் வழக்காடுவோர் முன் அது துணை நிற்கும்.

இப்பத்திரங்களை ஒரே கோப்பில் சேர்த்து, ஒரு பிரதியை வீட்டிலும் மற்றொன்றை நம்பிக்கையான மூன்றாமவரிடமும் வைத்து, பள்ளி மாறும்போதும் வீடு மாறும்போதும் கடிதங்களைப் புதுப்பிக்க வேண்டும்.