மயிரிழையும் பட்டையும்

ஆங்கில நூல்களின் அட்டையிலும் வாழ்த்து மடல்களிலும், வலப்புறம் சற்றே சாய்ந்து, ஓரிடத்தில் பட்டையாகவும் மறுகணமே மயிரிழையாகவும் ஓடும் அழகிய எழுத்துகளை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? சாய்ந்த அவ்வெழுத்துக்கு 'இத்தாலிக்' என்று பெயர். பிறந்த நாட்டைப் பெயரே சொல்லிவிடுகிறது.

வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸ், 1500ஆம் ஆண்டில் சியென்னா நகரப் புனித கத்தரீனின் கடிதங்களை நூலாக வெளியிட்டார். அதிலுள்ள படத்தில் புனிதை ஒரு கையில் விரித்த புத்தகமும் மறு கையில் இதயமும் ஏந்தி நிற்கிறார். அவற்றின்மேல் காணும் இயேசுவின் திருநாமமும் சில சொற்களுமே இத்தாலிக் அச்செழுத்தின் முதல் தோற்றம். தம் கடிதங்களைப் பெரும்பாலும் தாம் சொல்லப் பிறரைக் கொண்டு எழுதுவித்த ஒரு பெண்ணின் நூலிலே, கையெழுத்தைப் போன்ற அச்சு முதன்முதல் தோன்றியது நமக்கு எத்துணை மகிழ்ச்சி! மறு ஆண்டு வெர்ஜிலின் கவிதை நூல் முழுவதும் இவ்வெழுத்திலேயே வெளிவந்தது. செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. பெரிய எழுத்துகள் மட்டும் சாயாமல் நிமிர்ந்தே நின்றன என்பது வேடிக்கை.

அக்கால இறகுப் பேனாவின் முனை பட்டையாக வெட்டப்பட்டது. ஆகவே தடிப்புக்கும் மெலிவுக்கும் வேற்றுமை மிதமாகவே இருந்தது. பின்னர்க் கூர்முனைப் பேனா வழக்கத்திற்கு வந்தது. அழுத்திக் கீழே இழுத்தால் முனை விரிந்து பட்டைக் கோடு விழும். அழுத்தாமல் மேலே தூக்கினால் இழைபோல் மெலியும். இந்த வேற்றுமையை அச்சில் உச்சிக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஜாம்பத்திஸ்தா போதோனி.

1740இல் பிறந்த போதோனி, உரோமையில் விசுவாசப் பரப்புதல் பேராயத்தின் அச்சகத்தில் தொழில் கற்று, 1768இல் பார்மா நகர அச்சகத்திற்கு வந்தார். 1806இல் கர்த்தர் கற்பித்த செபத்தை 155 மொழிகளில் அச்சிட்டார். 1813இல் அவர் இறந்தபின், அவருடைய எழுத்து மாதிரிகள் அடங்கிய பெருநூலை 1818இல் இரு பாகங்களாக வெளிக்கொணர்ந்தவர் அவர் மனைவி மார்கெரீத்தா. அந்த அம்மையார் சோர்ந்திருந்தால் அவ்வுழைப்பை உலகம் ஒரே நூலில் கண்டிராது.

எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழியாக்கி, குழியில் ஈயக் கலவையை வார்ப்பார்கள். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே செதுக்கவேண்டும். இதனால் ஒரு நன்மை உண்டு. பெரிய எழுத்தில் கண்ணைப் பறிக்கும் மயிரிழை, அதையே சுருக்கினால் தாளில் மறைந்துபோகும். சொல் துண்டு துண்டாகத் தெரியும். தனியே செதுக்குபவர் சிறிய அளவில் இழையைச் சற்றுத் தடிப்பாக விட்டுவிடலாம்.

கணிப்பொறியிலோ ஒரே வரைவை எந்த அளவுக்கும் நீட்டலாம், சுருக்கலாம். வசதிதான், ஆனால் அந்தப் பழைய கவனம் போய்விடுகிறது. 1994இல் வெளிவந்த ஐ.டி.சி. போதோனி என்னும் எழுத்து இதை உணர்ந்து 6, 12, 72 பாயிண்ட் என மூன்று அளவுகளுக்குத் தனித்தனியே வரையப்பட்டது. 72 பாயிண்ட் என்பது ஓர் அங்குலம். ஆங்கிலத்தில் விழா அழைப்பிதழ் அமைப்போர் பெரிய தலைப்புக்கு 72ஐ எடுக்கட்டும். நிகழ்ச்சி நிரலுக்கு 12 போதும். அடியில் பொடி எழுத்தில் வரும் குறிப்புக்கு 6.